குரல் வந்த பக்கம்

ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு நாய் வாலாட்டினால், வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படி மனசு ஆறும்?

கலவை அந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. தனியாக வாழ்ந்த ஒரு அம்மாள் வீட்டுக்குள் மயங்கி விழுந்தபோது, ஜன்னலில் கால் வைத்துக் குரைத்துக் குரைத்தே தெருவைக் கூட்டிய நாய் அது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸை ஓட்டியவன் சின்னவன். அவர் பிழைக்கவில்லை. மறுநாள் அந்தப் பக்கம் போன சின்னவன், அதே வாசலில் நாய் சுருண்டு கிடப்பதைப் பார்த்தான். அள்ளிக்கொண்டு வந்து அக்கா முன்னால் நிறுத்தினான்.

"நாலு நாள் இருக்கட்டும் அக்கா. நாய்க் காப்பகத்துல சொல்லியிருக்கேன்."

காப்பகத்தில் இடம் இல்லை. நல்ல வீடாக ஒன்று அமைகிறவரை நீங்களே வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் நாளெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துவிட்டு வரும் அக்காவுக்கு, அதற்குமேல் ஒரு வேலை.

பெயர் வைத்தது அத்தான். முழங்கால் வலியால் பஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற மனுஷன். வாய்க்கு மட்டும் வலி கிடையாது.

"உடம்பு ஒரு ஜாதி, காது ஒரு ஜாதி, வால் யாரோ இரவல் கொடுத்தது. சிமெண்டுக் கலவைகூட இதைவிட ஒழுங்கா இருக்கும்."

அப்படித்தான் அது கலவை ஆனது. வயது ஒன்றுகூட ஆகியிருக்காது. ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்தே இருக்கும். பார்க்க வந்த இரண்டு குடும்பமும் "என்ன ஜாதி?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டன.

அக்காவை உறுத்தியது அதெல்லாம் இல்லை. சாயங்காலம் அதை வெளியே கூட்டிப்போனால், எந்தத் தெருவில் இறங்கினாலும் கயிற்றை இழுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். அங்கே ஒரு மூலையில் சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சில் ஏறாது. அதன் காலடியில் உட்காரும். பஸ்கள் உறுமும், நடத்துநர்கள் கத்துவார்கள், ஒலிபெருக்கி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். கலவை எதையும் சட்டை செய்யாது. தலையைத் தூக்கி மேலே, வெறும் காற்றைப் பார்த்து வாலாட்டும். பிறகு திரும்பிப் பெஞ்சைப் பார்க்கும். யாரோ எழுந்து "வா, போகலாம்" என்று சொல்லக் காத்திருப்பதுபோல அந்தக் காலி இடத்தையே பார்க்கும்.

அந்தப் பெஞ்சில் அக்கா இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்காரத் துணிவு வரவில்லை.

சில நாள் போன வேகத்தில் தானாகவே திரும்பிவிடும். அது ஏன் என்றும் புரியவில்லை.

"நாய்க்கு நம்ம கண்ணுக்குத் தெரியாதது தெரியும்னு சொல்லுவாங்க" என்று ஒருநாள் அக்கா மெல்லச் சொன்னாள்.

"ஆமா, எலும்பு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியும்" என்றார் அத்தான். ஆனால் அன்று ராத்திரி கூடத்து விளக்கை அணைக்காமல் படுத்தவரும் அவர்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பகத்திலிருந்து போன். ஒரு பெண் நாயைப் பார்க்க வருகிறாள். இந்த நாய்தான் வேண்டும் என்று கேட்டு வருகிறாள்.

"இதையா? விசாரிச்சு வர்றாளா?" அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"வரட்டும். கொடுத்துடுவோம்" என்றான் சின்னவன். பெயர்தான் சின்னவன். கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்த நாள் குறைவு. அன்று அவனுக்கு விடுமுறை. சவரம்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தான்.

"கொண்டுவந்தவனும் நீதான், துரத்துறவனும் நீதானா?"

"இவனைப் பார்த்தா அந்த அம்மா முகம்தான் வருது அக்கா. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல வண்டி மாட்டிக்கிச்சு. முன்னாடி ரெண்டு பஸ், பின்னாடி ஒரு லாரி. சைரன் தொண்டை கிழியக் கத்துது, ஒருத்தனும் நகரலை. அந்த நேரம் மட்டும் போகாம இருந்திருந்தா..."

"டாக்டர்தான் சொன்னாரே, முன்னாடியே போயிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு."

"டாக்டர் சொன்னாரு. இது கேட்க மாட்டேங்குதே." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

அத்தான் கலவையைப் பின்கட்டில் கட்டப் போனார்.

வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அழைப்பு மணியைத் தொடாமல் நின்றிருந்தாள். சின்னவன்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இவங்க அந்த அம்மாவோட பொண்ணு. ஆஸ்பத்திரியில பார்த்தேன்."

"உள்ளே வாம்மா" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வது?

பின்கட்டில் கட்டியிருந்த கலவையை அத்தான் கூட்டி வந்தார். அது அவள் கால்விரலை முகர்ந்தது. பைக்குள் மூக்கை விட்டது. அவ்வளவுதான். யாரோ வந்திருக்கிறார்கள் என்ற அளவில் ஒதுங்கிப்போய்ப் படுத்தது.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "மன்னிச்சுக்கங்க, முன்னாடியே வந்திருக்கணும்..."

கலவை சட்டென்று எழுந்தது.

மடிந்த காதும் நிமிர்ந்துவிட்டது. வால் சுழன்றது. அவள் பக்கம் அது திரும்பவே இல்லை. தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தது. மின்விசிறியைப் பார்த்தது. பீரோவின் உச்சியைப் பார்த்தது.

"பல்லியா?" என்றார் அத்தான்.

"பல்லி இல்லை" என்றாள் அக்கா. அவள் கைமயிர் சிலிர்த்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் அவள் தினமும் பார்க்கிற அதே பார்வை. இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

"இது ஏன் என்னைப் பார்க்க மாட்டேங்குது?" என்று அந்தப் பெண் கேட்டாள். கேட்கக் கேட்க, நாய் இன்னும் வேகமாக வாலை ஆட்டிக்கொண்டு மேலேயே தேடியது.

"கொஞ்ச நேரம் பேசும்மா. பழகிடும்" என்றாள் அக்கா, தனக்கே நம்பிக்கை இல்லாமல்.

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள். கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க முடியாமல் பெட்டியோடு அம்மா வீட்டு வாசலில் வந்து நின்றவள். அம்மா ரோஷக்காரி. ஊர் என்ன சொல்லும் என்பதிலேயே உயிரை வைத்திருந்தவர். 'திரும்பிப் போ. இல்லைன்னா, செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்' என்று கதவைச் சாத்தினார்.

"நான் திரும்பிப் போகலை. விடுதியில தங்கி ஒரு வேலை தேடிக்கிட்டேன். அம்மாவும் சொன்ன சொல்லு மாறலை. நாலஞ்சு வருஷம். போன் பண்ணினா எடுப்பாங்க, பேச மாட்டாங்க. நானே பேசிட்டு வெச்சிடுவேன். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடி வந்தப்போ கண்ணை மூடிட்டாங்க. முகத்துல முழிக்கவே இல்லை அக்கா. சொன்ன மாதிரியே செஞ்சுட்டாங்க."

அவள் அழவில்லை. அழுது முடித்தவள் போலிருந்தாள்.

"அம்மாகூட இருந்த உயிர் இது ஒண்ணுதான். அதான் கேட்டு வந்தேன். பன்னண்டு மணிக்கு எனக்கு டூட்டி. முடியுமா முடியாதான்னு சொல்லிட்டீங்கன்னா..."

"என்ன வேலைம்மா?" அத்தான் பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்.

"பழைய பஸ் ஸ்டாண்டுல. எந்த பஸ் எங்கே நிக்குதுன்னு மைக்ல சொல்ற வேலை."

அக்கா எழுந்துவிட்டாள். கையிலிருந்த தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று அரைமணி நேரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். தினமும் சாயங்காலம் கேட்டிருக்கிறாள். கேட்டும் காதில் வாங்காமல் நின்றிருக்கிறாள்.

"செருப்பைப் போடும்மா" என்றாள். "சின்னவா, நீயும் வா. இவனையும் பிடி."

கலவை வழக்கம்போல் முன்னால் இழுத்துக்கொண்டு போனது. மூலைப் பெஞ்சு வந்ததும் காலடியில் உட்கார்ந்தது. அந்த நேரத்தில் மைக்கில் ஒரு ஆண் குரல் பேசிக்கொண்டிருந்தது. நாய் தலையைத் தூக்கவில்லை.

"உன் அறை எதும்மா?"

அவள் மேலே காட்டினாள். பெஞ்சுக்கு நேர் மேலே, மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதன் அடியில் நீட்டிய சிமெண்ட் பலகை. உள்ளே இருப்பவர் எட்டிப் பார்த்தாலும் இந்தப் பெஞ்சு தெரியாது. பெஞ்சில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தாலும் உள்ளே இருப்பவர் முகம் தெரியாது. பலகையின் ஓரத்தில் ஒலிபெருக்கி தொங்கியது.

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. வெளியே சொல்லிவிட்டால் அது பொய்யாகிவிடுமோ என்ற பயம்.

பெட்டி, பைகளை வைத்துவிட்டுப் போகிற அறையின் கவுண்டரிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஞாயித்துக்கிழமை பகல்லகூட வந்துட்டியாடா?" என்று நாயிடம் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்கதான் இப்போ இவனைக் கூட்டிட்டு வர்றவங்க இல்லை? கேட்கணும் கேட்கணும்னு இருந்தேன். அந்த அம்மா எங்கே? உடம்பு சரியில்லையா?"

அக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எந்த அம்மாங்க?"

"வெள்ளைக் குடை வெச்சிருப்பாங்களே. இவன் கைக்குட்டையளவு இருந்தப்பவே பைக்குள்ள போட்டுத் தூக்கிட்டு வருவாங்க. இவனுக்கு முன்னாடி தனியா வந்தவங்கதான். ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கும். எந்த பஸ்லயும் ஏற மாட்டாங்க. ஒருநாள் நானே கேட்டுட்டேன், எந்த ஊருக்குப் போகணும்னு. 'ஊருக்கு இல்லை, சும்மா கேட்டுட்டுப் போகலாம்னு'ன்னாங்க. எதைக் கேட்கன்னு நான் கேட்கலை."

மகள் பெஞ்சின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

"சில நாள் வந்ததும் திரும்பிடுவாங்க. 'இன்னிக்கு அவ இல்லை போல'ம்பாங்க. ஒரு மழைக்காலத்துல ரொம்ப வருத்தமா இருந்தாங்க. 'தொண்டை கட்டியிருக்கு அவளுக்கு, லீவு போட மாட்டா, பிடிவாதக்காரி'ன்னு தனக்குத்தானே பேசிக்கிட்டாங்க. மறுநாள் ஒரு இருமல் மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து என்கிட்ட கொடுத்து, மேலே மைக் ரூம்ல வெச்சிடுங்க, யார் கொடுத்தான்னு மட்டும் சொல்லாதீங்கன்னாங்க. நானும் வெச்சேன்."

"மேஜையில இருந்துச்சு" என்றாள் மகள். "சூப்பர்வைசர் வெச்சாருன்னு நினைச்சேன். அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். அவரும் பரவாயில்லைன்னு சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. அப்படியே தரையில், நாயின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். கவுண்டர்காரர் பதறிப்போனார். அக்கா அவரிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உள்ளே போனார்.

முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுதான் அந்த அம்மாள் சொல்லியிருந்தார். காதால் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை.

சின்னவன் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. பஸ் ஸ்டாண்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்குக் காலையில நீங்க டூட்டியிலயா இருந்தீங்க?" என்று கேட்டான்.

"ஆமா. நடுவுலதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சு."

"அந்த வாசல்லதான் வண்டி மாட்டிக்கிச்சு. ஏத்துனதுலேர்ந்து அவங்க அசையவே இல்லை. இங்கே நின்னப்போ மட்டும் கண்ணாடியில பார்த்தேன். முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாங்க. சைரன் தொந்தரவா இருக்கோன்னு நினைச்சு நிறுத்தினேன். நிறுத்தினதும் அப்படியே எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தாங்க. வண்டி நகர்ற வரைக்கும் அப்படியே இருந்தாங்க."

மூன்று மாதமாக அவனைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது. அதற்கு இப்படி ஒரு பக்கமும் இருக்கும் என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை. மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

பன்னிரண்டு அடித்தது. டூட்டிக்கு ஆள் மாற வேண்டும்.

"இன்னிக்கு வேண்டாம்னு சொல்லிடேன்மா" என்றாள் அக்கா.

"இல்லைக்கா. லீவு போட மாட்டான்னு அவங்களே சொல்லியிருக்காங்களே." முகத்தைக் கழுவிக்கொண்டு படியேறினாள்.

மைக் உயிர்பெற்றது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பயணிகள் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் வந்தது குரல். எந்த பஸ், எந்த இடம், எத்தனை மணி. ஒரு சொல்லில் தடுக்கியது. சமாளித்துக்கொண்டு மேலே போனது.

கலவை தலையைத் தூக்கி வாலாட்டியது. அக்காவுக்கு இப்போது பயமாக இல்லை. அது வழக்கம்போலத் திரும்பி அந்தக் காலிப் பெஞ்சைப் பார்த்தது. முதல் தடவையாக அக்கா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நாய் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவள் முழங்காலில் தாடையை வைத்தது.

மாலையில் அக்காவும் சின்னவனும் நாயோடு மறுபடி அங்கே வந்தார்கள். அத்தானும் வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் வேலை பார்த்த பஸ் ஸ்டாண்ட், என்னை விட்டுட்டு என்ன கூத்து என்று வரும் வழியெல்லாம் அதட்டல்.

டூட்டி முடிந்து மகள் படியிறங்கினாள். அக்கா சொல்லிக்கொடுத்திருந்தபடி, இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"நான்தான்டா. மேலே இருந்தவ நான்தான். இதோ வர்றேன் பாரு, ஒவ்வொரு படியா வர்றேன்."

கலவை ஒலிபெருக்கியைப் பார்த்தது. அங்கே இல்லை. குரல் இறங்கி வருகிறது. மேலே, பக்கவாட்டில், படியில் என்று தலை நகர்ந்தது. அவள் எதிரே வந்து மண்டியிட்டு, "என்னடா?" என்றாள். நாய் அவள் வாயைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு மிக ஜாக்கிரதையாக, சூடான எதையோ தொடுவதுபோல, மூக்கால் அவள் உதட்டைத் தொட்டது.

அத்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு பஸ் நேர அட்டவணையைப் படித்தார்.

"கூட்டிட்டுப் போகட்டுமா அக்கா?"

அக்காவுக்கு ஆமாம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் மூன்று மாதம் சோறு போட்டு வளர்த்தவள் அவள். "எங்கே கூட்டிட்டுப் போவே? விடுதியில விடுவாங்களா? இவனுக்குக் குரல் மட்டும் போதாதும்மா. ஒரு வீடு வேணும்."

அவள் தலைகுனிந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள்.

"அம்மா வீடு இருக்கு. ஆஸ்பத்திரியில அவங்க சாமானோட இதையும் கொடுத்தாங்க. இன்னும் திறக்கலை. வாசப்படி மிதிக்காதேன்னு சொன்ன வீடு. தனியா போகக் கால் வரலை."

"தனியா யார் போகச் சொன்னது?" என்றார் அத்தான். "நாலு பேர் இருக்கோம். இவனைச் சேர்த்தா அஞ்சு. வழி இவனுக்குத்தான் தெரியும், இவன் முன்னாடி போகட்டும்."

இரண்டு தெரு தள்ளி, முட்டுச் சந்தின் கடைசி வீடு. சந்துக்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. யார் வீட்டிலோ ரேடியோ பாடியது. கலவை இழுக்கவில்லை, ஓடவில்லை. வேலைக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்போல, அவள் காலோடு காலாக நடந்தது.

முதலில் நின்றவன் சின்னவன்.

"வேற யார்கிட்டயாவது சாவி இருக்கா?"

"இல்லையே. ஏன்?"

சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவில் போட்டிருந்த பூட்டு, திறந்தபடி கொக்கியில் தொங்கியது. உள்ளே குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம். யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.

அத்தான் தன் கைத்தடியை இறுக்கிப் பிடித்தார். அக்கா கயிற்றைச் சுருட்டிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

பேப்பர் போடுகிறவரைக்கூட விடாமல் குரைக்கிற நாய் அது. இப்போது ஒரு சத்தம் போடவில்லை. கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தது. உடம்பு முழுக்க ஆட வாலை அடித்துக்கொண்டு, குட்டிபோல முனகியது. முன்னங்காலால் கதவைப் பிறாண்டியது.

அக்காவின் கை, மகளின் கையைத் தேடிப் பிடித்தது.

"உள்ளே யாரு?" என்று மகள் கேட்டாள்.

தண்ணீர் விழும் சத்தம் நின்றது.